வார்டோ: காற்று ஓயாத ஊர்

மார்ச் 31, திங்கள். கிர்கெனெஸ்

பெரியப்பா 1988இல் யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வேக்கு வந்து, ஏழு வருடம் வடக்கே பின்மார்க் கரையோரத்து மீன் ஆலைகளில் வேலை செய்தவர். கடைசி இரண்டு குளிர்காலம் வார்டோ என்ற தீவூரில். அந்த ஊரைப் பற்றி வீட்டில் யாரும் கேட்டால், "மரமில்லை. காத்துத்தான்" என்பார். அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விடும். அந்த நாட்களில் பின்மார்க்கின் பல மீன் ஆலைகளில் எங்கள் ஆட்கள் வரிசையாக நின்று மீன் வெட்டினார்கள். பிள்ளைகள் வளர வளர அநேகமானோர் ஒஸ்லோப் பக்கம் இறங்கிவிட்டார்கள். நான் ஒஸ்லோவில் இருபது வருடமாக இருக்கிறேன். ஒருமுறைகூட அந்தப் பக்கம் போனதில்லை என்பது கனநாளாக மனதை அரித்துக்கொண்டிருந்தது.

காலையில் விமானத்தில் கிர்கெனெஸ் இறங்கினேன். ரஷ்ய எல்லை பக்கத்தில்தான். தெருப் பெயர்ப் பலகைகளில் நோர்வேஜிய எழுத்துக்குக் கீழே ரஷ்ய எழுத்து. துறைமுகத்தில் துருப்பிடித்த ரஷ்ய மீன்பிடிக் கப்பல் ஒன்று நின்றது. 2022 இலையுதிர்காலத்திலிருந்து ரஷ்ய மீன்பிடிக் கப்பல்கள் நோர்வேயில் மூன்றே மூன்று துறைமுகங்களுக்குத்தான் வரலாம். அதில் கிர்கெனெஸ் ஒன்று. கடைக்காரப் பெண்ணிடம் கேட்டேன். "முன்பெல்லாம் சனிக்கிழமைகளில் எல்லை தாண்டிப் போய் பெற்றோல் அடித்துக்கொண்டு வருவோம்" என்று சொல்லிவிட்டு, என் மிச்சக் காசை எண்ணத் தொடங்கினார்.

பன்னிரண்டரைக்குக் கடலோரக் கப்பல். மூன்றேகால் மணி நேரத்தில் வார்டோ. தூரத்தில் தெரிந்தது கடல்மட்டத்தோடு ஒட்டிய வெள்ளைத் தட்டு. அதன்மேல் பெட்டி பெட்டியாய் வீடுகள். குன்றில் இராணுவ ராடரின் பெரிய வெள்ளைக் கோளங்கள். மரம் என்று கண்ணுக்கு ஒன்றும் படவில்லை.

கப்பல் ஒரு மணி நேரம்தான் நிற்கும். உல்லாசப் பயணிகள் இறங்கிக் கோட்டைப் பக்கம் ஓடினார்கள். நான் பெட்டியை இழுத்துக்கொண்டு வாடகை வீட்டுக்குப் போனேன். கதவுக்கு அனுப்பியிருந்த இலக்கம் வேலை செய்யவில்லை. வீட்டுக்காரர் தொலைபேசியை எடுக்கவில்லை. வெப்பநிலை மைனஸ் நான்குதான்; ஒஸ்லோவில் அது ஒரு குளிரே இல்லை. ஆனால் இங்கே காற்று நேரே பாரென்ட்ஸ் கடலிலிருந்து வந்து கன்னத்தில் அறைகிறது. பதினைந்து நிமிடத்தில் விரல் மரத்து, தொலைபேசித் திரையை அழுத்த இயலவில்லை.

எதிர்வீட்டு வாசலில் சவளால் பனி அள்ளிக்கொண்டிருந்த ஒரு பெண், எழுபது வயதிருக்கும், சவளைப் பனியில் குத்தி நிறுத்திவிட்டு வந்தார். யார், எவர் என்று கேட்கவில்லை. "உள்ளே வா, அவன் எடுக்கும்வரைக்கும் இங்கே நின்று சாகப்போகிறாயா?" என்றார். கோப்பி, சூடான வாஃபிள், அதன்மேல் ஜாம். பக்கத்து ஊரிலிருக்கும் வீட்டுக்காரரின் தமையனைத் தனக்குத் தெரியும் என்று அவரே எடுத்து, அரை மணியில் சரியான இலக்கத்தை வாங்கித் தந்தார். எனக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. ஒஸ்லோவில் மாடிப்படியில் எதிர்ப்படும் பக்கத்துவீட்டுக்காரர் வணக்கம் சொல்லக் கூச்சப்பட்டுக் கதவுக்குப் பின்னால் காத்து நிற்பார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

காலை ஐந்து மணிக்கே வெளிச்சம். நோர்வே முழுவதற்கும் ஒரே நேரம்தான். ஆனால் வார்டோ கிழக்கே எவ்வளவு தள்ளி இருக்கிறது என்றால், இஸ்தான்புல்லும் சென் பீட்டர்ஸ்பேர்க்கும் இதற்கு மேற்கே. வரைபடத்தில் நேரே தெற்கே கோடு இழுத்தால் கிட்டத்தட்டக் கெய்ரோவில் போய் முட்டும்.

ஊரைச் சுற்ற ஒரு மணி நேரம் போதும். அறுபதுகளில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட சனம் இருந்த இடத்தில் இப்போது ஏறத்தாழ அதில் பாதி. எண்பதுகளின் கடைசியில் கடலில் மீன் குறைந்து, பிடிக்கும் அளவுக்குக் கட்டுப்பாடு வந்து, ஆலைகள் ஒவ்வொன்றாய் மூடின. தண்ணீர் ஓரத்தில் கண்ணாடி உடைந்த நீண்ட மரக்கட்டடங்கள் நிற்கின்றன. 2012இல் ஒரு விழாவுக்கு வந்த ஓவியர்கள் கைவிட்ட சுவர்களில் படம் வரைந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதனால் பாழடைந்த தெருவிலும் திரும்பிய பக்கமெல்லாம் நிறம் இருக்கிறது.

பெரியப்பாவின் ஆலை எதுவென்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஒவ்வொரு கட்டடத்துக்கும் முன்னால் கொஞ்சம் நின்றேன்.

கோட்டை எட்டு முனை நட்சத்திர வடிவம், 1730களில் கட்டியது. பெரிய கோட்டை என்று நினைத்துப் போகக் கூடாது. புல் மூடிய மதில், உள்ளே சில மரவீடுகள், பீரங்கிகள். நான் போனது அங்கே நிற்கும் ஒரு ரோவன் மரத்தைப் பார்க்க. ஊர்க்காரர்கள் அதைத்தான் ஊரின் மரம் என்கிறார்கள். முன்பு வைத்தது குளிரில் பட்டுப்போக, மறுபடி வைத்து வளர்க்கிறார்கள். குளிர்காலத்தில் அதைச் சுற்றிப் போர்த்திவிடுவார்கள். போர்வை இன்னும் அவிழ்க்கவில்லை. அதன் விளிம்பில் ஓரிடம் விலகியிருந்தது. குனிந்து பார்த்தேன். பென்சில் தடிப்பில் ஒரு கிளை, நுனியில் அவரை விதையளவு மொட்டு, சாம்பல் நிறப் பஞ்சு மயிர் மூடி, இறுக்கமாய். தொடவில்லை. காவலுக்கு நின்ற இளைஞன் பார்த்துக்கொண்டிருந்தான். நான் விலகியதும் வந்து அந்த விளிம்பை இழுத்துச் செருகிவிட்டுப் போனான்.

அவனிடம்தான் பீரங்கிக் கதையைக் கேட்டேன். நவம்பர் கடைசியில் சூரியன் போனால், ஏறத்தாழ இரண்டு மாதம் அடிவானத்துக்கு மேலே வராது. ஜனவரி மூன்றாம் வாரத்தில், கோட்டை மதிலிலிருந்து சூரியவட்டம் முழுதாய்த் தெரியும் முதல் நாளில் பீரங்கி வெடிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விடுமுறை. "நான் சின்னவனாய் இருந்தபோது ஜன்னலுக்குப் பக்கத்துக் கதிரைக்குச் சண்டை பிடிப்போம்" என்றான்.

மத்தியானம் மீன் சூப் 195 குரோனர். கிறீம் போட்ட வெள்ளைச் சூப், நாலு பெரிய தொஸ்க் மீன் துண்டு, பாண், வெண்ணெய். பாண் மட்டும் இரண்டாம் தரம் காசில்லாமல் கொண்டுவந்து வைத்தார்கள். ஒஸ்லோ விலைதான், ஆனால் மீன் நேற்றுக் கடலில் இருந்தது. வாயில் வைத்ததும் தெரிகிறது.

ஏப்ரல் 2, புதன்

இன்று ஹோர்னோயா என்ற பறவைத் தீவுக்குப் படகு. காலை எட்டு மணிக்குச் செய்தி வந்தது: காற்று அதிகம், படகு இல்லை. வெளியே எட்டிப் பார்த்தேன். பனி மேலேயிருந்து விழவில்லை, வீதிக்குச் சமாந்தரமாய்ப் பறந்தது. கார்க் கதவு திறக்கும்போது இரண்டு கையாலும் பிடி என்று எதிர்வீட்டம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். இங்கே கதவு பிய்ந்து போவது வழக்கமாம்.

சரி, நடந்து போகக்கூடியது ஸ்டைல்னெசெ நினைவிடம்தான். தேவாலயத்தைத் தாண்டிக் கடற்கரையில் இருக்கிறது.

1600க்கும் 1692க்கும் இடையில் பின்மார்க்கில் சூனியம் செய்தார்கள் என்று 91 பேரைக் கொன்றார்கள். 77 பெண்கள், 14 ஆண்கள். ஆண்களில் பெரும்பாலானோர் வடக்கின் பழங்குடிகளான சாமி இனத்தவர். இவ்வளவு குறைந்த சனத்தொகை கொண்ட ஒரு கரையில் அது எவ்வளவு பெரிய தொகை! 1617 கிறிஸ்மஸுக்கு முதல் நாள் திடீர்ப் புயலில் பத்துப் படகுகள் கவிழ்ந்து நாற்பது ஆண்கள் இறந்தார்கள். சில வருடம் கழித்து, அந்தப் புயலை இன்னார்தான் கட்டி அவிழ்த்துவிட்டார்கள் என்று பெண்களைப் பிடித்து விசாரித்தார்கள். கை கால் கட்டிக் கடலில் போடுவது ஒரு சோதனை. மிதந்தால் குற்றவாளி. எதிர்க்கரையில் டோமென் என்றொரு மலை. அங்கே பேயோடு ஆடினார்கள் என்று வாக்குமூலம் வாங்கினார்கள்.

2011இல் திறந்த நினைவிடம் இது. பீட்டர் சூம்தோர் என்ற சுவிஸ் கட்டடக்கலைஞர், லூயிஸ் பூர்ஷ்வா என்ற சிற்பி, இருவரும் செய்தது. மீன் காயவைக்கும் பந்தல் போல நீளமான மரச்சட்டகம், 125 மீற்றர். அதன் நடுவில் பாய்த்துணியால் செய்த ஒரு குழாயைக் கயிறுகளால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். கதவைத் தள்ளி உள்ளே போனால் இருட்டு. பலகை நடைபாதை, ஒருவர் நடக்கும் அகலம். 91 சிறு ஜன்னல்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் வயரில் தொங்கும் ஒரு மின்குமிழ். பக்கத்தில் பட்டுத்துணியில் அந்த ஆளைப் பற்றி நீதிமன்ற ஏட்டிலிருந்து எடுத்த சில வரிகள்: பெயர், ஊர், என்ன குற்றம் சாட்டினார்கள், என்ன தீர்ப்பு.

புயல் அடித்த நாளில் போனது தற்செயல். ஆனால் வேறு நாளில் போயிருந்தால் இப்படி இருந்திருக்காது. துணிச்சுவர் முழுக்க உப்பி உப்பி அடங்கியது, பெரிய மிருகம் ஒன்று மூச்சு விடுவதுபோல. குமிழ்கள் எல்லாம் மெல்ல ஆடின. ஒரு ஜன்னலில் ஒரு பெண், அயலவரின் மாட்டுக்கு நோய் வரவைத்தாள் என்று. இன்னொன்றில் ஒரு பெண், படகைக் கவிழ்த்தாள் என்று. நாற்பதாவது ஜன்னலுக்குப் பிறகு குற்றச்சாட்டு வாசிப்பதை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் வாய்விட்டு வாசித்தேன். உள்ளே வேறு யாருமில்லை. பெயர்களைச் சொல்லச் சொல்லத் தொண்டை அடைத்தது. பெயர்ப் பட்டியல்களைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஒருவருடைய பெயரை ஒரு விளக்கோடு தனியாக வைப்பது எவ்வளவு பெரிய மரியாதை என்பது எனக்கு நன்றாகவே விளங்கும்.

பக்கத்துக் கண்ணாடி அறையில் ஓர் இரும்புக் கதிரை எரிந்துகொண்டிருக்கிறது. சுற்றி ஏழு பெரிய நிலைக்கண்ணாடிகள் குனிந்து பார்க்கின்றன. நெருப்புக்குப் பக்கத்தில் போனால் சூடு வரும் என்று நினைத்தேன். கண்ணாடிச் சுவர்களின் இடைவெளியால் வந்த காற்று அந்தச் சூட்டையும் அள்ளிக்கொண்டு போனது.

திரும்பி வரும்போது எதிரே பனி அள்ளும் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவர் நிறுத்தி, வீடுவரைக்கும் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். வழியில் ஒரே ஒரு கேள்வி: "உள்ளே விளக்கெல்லாம் எரிகிறதா?" எரிகிறது என்றேன். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே "யா" என்றார். வடக்கில் இந்த உள்மூச்சு ஆமாவை அடிக்கடி கேட்கலாம்.

ஏப்ரல் 3, வியாழன்

காற்று குறையவில்லை, படகும் இல்லை. ஆனால் மீன்பிடிப் படகுகள் விடியமுன்பே போய்விட்டுத் திரும்பியிருந்தன. இது வசந்தகாலத் தொஸ்க் பருவம். லொட்டெ என்ற கையளவுச் சின்ன மீன் முட்டையிடக் கரைக்கு வரும். அதைத் துரத்திக்கொண்டு தொஸ்க் வரும். வளைகுடா நீரோட்டத்தின் புண்ணியத்தால் 70 பாகை வடக்கிலும் இந்தத் துறைமுகம் உறைவதில்லை.

இறங்குதுறையில் ஒரு பையன், பதினொரு வயதிருக்கும். முன்னால் பெட்டி நிறைய வெட்டிய மீன் தலைகள். பலகையில் நிமிர்ந்து நிற்கும் ஓர் இரும்பு முள்ளில் தலையைக் குத்துவான்; தாடைக்குக் கீழே கத்தியை ஒரு வளைப்பு; நாக்கு வாளிக்குள், தலை மறுபெட்டிக்குள். நான் எண்ணினேன், ஒரு தலைக்கு மூன்று செக்கன்கூட ஆகவில்லை. நாக்கு வெட்டுவது வடக்கே பிள்ளைகளின் வேலை, காசும் அவர்களுக்கே. என்ன வாங்கப் போகிறாய் என்றேன். தலையை நிமிர்த்தாமலே "சைக்கிள்" என்றான். பிறகு, நான் போகாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, "உனக்கு அரைக்கிலோ வேண்டுமா?" என்றான். நோர்வேயில் பெரியவருக்கும் சின்னவருக்கும் ஒரே 'டு'தான், அதாவது 'நீ'. எனக்கு அது பழகிவிட்டது. ஆனாலும் ஒரு பதினொரு வயதுப் பிள்ளை சமமான ஆளாய் நின்று என்னோடு வியாபாரம் பேசியது சந்தோஷமாய் இருந்தது.

மாலை எதிர்வீட்டம்மாவின் குசினியில் அந்த நாக்குகளைச் சமைத்தோம். அவர் மா, உப்பு, மிளகு போட்டு வெண்ணெயில் பொரித்தார். நான் பையில் கொண்டுவந்திருந்த எங்கள் வீட்டு மிளகாய்த்தூள் பிரட்டி ஒரு பங்கு பொரித்தேன். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே நுங்கு போல ஒரு வழுக்கல். தூள் எண்ணெயில் பட்டதும் இருமல் வந்தது. ஜன்னலைத் திறக்கப் போனேன். "திறக்காதே" என்றார். "இந்த மணம் எனக்குத் தெரியும். ஆலைக்குப் பக்கத்து விடுதியில் சனிக்கிழமைகளில் உங்கள் ஆட்கள் சமைப்பார்கள். தெரு முழுக்க இதே மணம்தான்."

அவரும் அந்த நாட்களில் மீன் வெட்டும் மண்டபத்தில் வேலை செய்தவராம். பெரியப்பாவின் படத்தைத் தொலைபேசியில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக் கனநேரம் பார்த்தார். "இல்லை, எனக்கு நினைவில்லை. எல்லாரும் தொப்பியும் முகமூடியும் போட்டிருப்போம்" என்றார். பிறகு, "கைகளைக் காட்டினால் சொல்லியிருப்பேன்" என்றார். பெரியப்பாவின் கைகளைப் படம் பிடித்து அனுப்பச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வலது கைச் சுட்டுவிரல் இன்றைக்கும் முழுதாய் மடங்காது. ஈரக் குளிரில் வருடக்கணக்காய் ஒரே வெட்டு வெட்டியதால் வந்தது.

ஏப்ரல் 4, வெள்ளி. ஹோர்னோயா

படகு வந்தது! பத்து நிமிடப் பயணம், என்னோடு ஐந்து பேர், நான்கு பேர் பெரிய கமெராக்காரர்கள். கரை கிட்ட வரமுன்பே சத்தம் வந்துவிட்டது, அதற்குப் பின்னால் மணம்.

செங்குத்துப் பாறை, விரிசல்களில் பனி. படிப்படியாய் ஒவ்வொரு விளிம்பிலும் பறவை. லொம்வி என்கிற கறுப்பு வெள்ளைப் பறவைகள் தோளோடு தோள் ஒட்டி, பாறையைப் பார்த்தபடி நிற்கின்றன. கூடு கட்டாது, மே மாதம் வந்தால் வெறும் பாறையில் ஒரே ஒரு முட்டை, ஒரு பக்கம் கூம்பியது. பாதையோரத்தில், நான் கை நீட்டினால் தொடும் தூரத்தில், ஒரு கொண்டை நீர்க்காகம் கூட்டுக்குக் கடற்பாசி அடுக்கிக்கொண்டிருந்தது. கறுப்பு என்று நினைத்திருந்தேன். வெயில் பட்டதும் உடம்பெல்லாம் பச்சை மினுக்கம். கண் மரகதம் மாதிரி. என்னைப் பார்த்தது, பாசியின் ஒரு நுனியைச் சரிசெய்தது, மறுபடி பார்த்தது. லுண்டெ என்ற பஃபின்கள் கொஞ்சம்தான் வந்திருந்தன, செம்மஞ்சள் கால்களைப் பனியில் ஊன்றிச் சரிவில் நின்றன.

நான் அதிகம் பார்த்தது கிரிக்யேயை. வெள்ளைக் கடற்பறவை, இறக்கை நுனி மையில் தோய்த்த மாதிரி. நோர்வேயில் அழியும் ஆபத்திலுள்ளவை என்று பட்டியலிட்டிருக்கிறார்கள். ஊருக்குள் மூடிய மீன் ஆலைகளின் ஜன்னல் விளிம்புகளிலும் இவைதான் கூடு கட்டும். ஒன்று "கித்தி-வேக்" என்று கத்தினால் பாறை முழுக்க எடுத்துக்கொள்கிறது. விரைத்த விரலோடு மூன்று நிமிடம் ஒலிப்பதிவு செய்தேன்.

ஏப்ரல் 5, சனி

வார்டோ விமானம் ரத்து. வாட்சோ போய்த்தான் ஏற வேண்டும், 75 கிலோமீற்றர். நோர்வேயின் முதலாவது கடலடி வீதிச் சுரங்கத்தால், கடலுக்குக் கீழே 88 மீற்றர் இறங்கி ஏறினால் பெருநிலம். கிறீஸின் கிரேத்தா தீவுவரை போகிற ஈ75 நெடுஞ்சாலை இங்கேதான் தொடங்குகிறது. அதன் தொடக்கத்திலேயே தடுப்புக்கட்டை விழுந்திருந்தது. பனிக்காற்றுக்கு வழி மூடி, பனி அள்ளும் வண்டிக்குப் பின்னால் வரிசையாய்த்தான் விடுவார்கள். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். பஸ் சாரதி தன் தேத்தண்ணீர்ப் போத்தலைப் பின்னால் அனுப்பினார். அது ஆளாளுக்குக் கைமாறி வெறுமையாய் முன்னுக்குப் போனது.

அந்த நேரத்தில் பெரியப்பாவுக்கு எடுத்தேன். மரம் ஒன்று இருக்கிறது பெரியப்பா, போர்த்தி வைத்திருக்கிறார்கள் என்றேன். "ம்" என்றார். பீரங்கியைப் பற்றிச் சொன்னேன். "ம்." பிறகு அவராகவே கேட்டார்:

"கிரிக்யே வந்திட்டுதோ பிள்ளை?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்தச் சொல் அவருக்குத் தெரியும் என்றே நான் நினைத்திருக்கவில்லை. "ஆலை ஜன்னலுக்கு வெளியால வந்து இருக்கும். மார்ச்சில. அது கத்தத் தொடங்கினால் இனி இருட்டு இல்லை எண்டு நாங்கள் சொல்லுறது."

ஒலிப்பதிவைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டேன். மூன்று நிமிடமும் அந்தப் பக்கத்தில் ஒரு சத்தமுமில்லை. முடிந்ததும் இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

"இன்னொருக்காப் போடு" என்றார்.